காது கசிவில் வாழ்கிறது

போன மாதம் ஒட்டுசுட்டானில் மாங்குளம் பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு அம்மா கிட்ட வந்தார். தன் தம்பிக்கு நான் விஞ்ஞானம் படிப்பித்தேன் என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கினார். மகள் பத்தாம் வகுப்பு. பாடசாலை மல்யுத்த அணியில் சேர்ந்து மூன்று மாதமாகிறது.

"சேர், நேற்று பயிற்சி முடிஞ்சு வந்தவள் காது சூடாக் கிடக்கெண்டாள். காலமை பார்த்தா ஜம்புப் பழம் மாதிரி வீங்கிப் போச்சு. அம்மம்மா உப்பு ஒத்தடம் குடுத்தவ. கண்ணூறு எண்டும் சொல்லுறா. தானா வத்திப்போகுமோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணுமோ?"

"இண்டைக்கே கொண்டுபோங்கோ" என்றேன். பஸ் வந்துவிட்டது. ஏன் இன்றைக்கே என்று விளக்க நேரம் கிடைக்கவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உங்கள் காதின் மேற்பகுதியைப் பிடித்து முன்பக்கமாக மடியுங்கள். கையை எடுத்ததும் அது பழையபடி நிமிர்ந்துவிடும். இப்போது கீழே சோணையைப் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று தொங்கும். மேலே இருப்பது கசியிழையம். இந்தியப் புத்தகங்களில் குருத்தெலும்பு என்று இருக்கும். சோணையில் கசியிழையம் கிடையாது. அங்கே கொழுப்பும் நாரும்தான்.

உடம்பில் எங்கே வெட்டினாலும் இரத்தம் வரும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் கசியிழையத்துக்குள் ஒரு மயிர்க்குழாய், அதாவது மிக நுண்ணிய இரத்தக்குழாய் கூட இல்லை. அப்படியானால் அதற்குள் இருக்கும் உயிருள்ள கலங்கள் எதைச் சாப்பிட்டு வாழ்கின்றன?

முத்தையன்கட்டு மாதிரியான பெரிய குளங்களின் கட்டுக்குக் கீழே நடந்து திரிந்தவர்களுக்கு விடை தெரியும். வாய்க்கால் எட்டாத துண்டு நிலமும் அங்கே ஈரமாக இருக்கும். கட்டின் அடியால் கசிந்து வரும் தண்ணீரிலேயே புல் பச்சையாக நிற்கும். காதிலும் அதே ஏற்பாடுதான். கசியிழையத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய உறை இறுக ஒட்டியிருக்கிறது. இரத்தக்குழாய்கள் அந்த உறையோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஒட்சிசனும் குளுக்கோசும் பரவல் மூலம் உள்ளே கசிகின்றன. கசியிழையத்தில் கிட்டத்தட்ட முக்கால்வாசி தண்ணீர்தான் என்பதால் கசிவுக்குத் தடையில்லை. நம் பாடப்புத்தகத்தில் பெயரிலேயே கசிவு இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விசயம்.

ஆனால் பரவலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்கு. ஆகவே காது மெல்லியதாக இருந்தே ஆகவேண்டும், உறையும் இடைவெளியில்லாமல் ஒட்டியே இருக்கவேண்டும். இந்த நிபந்தனையைத்தான் மல்யுத்தம் குலைக்கிறது.

ஒரு தடித்த கொப்பியை மேசையில் வைத்து மேலட்டையை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளுங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். எதிராளியின் தலையோ தோளோ காதை அழுத்தியபடி உரசி இழுபடும்போது காதுக்குள்ளும் அதுவே நடக்கிறது. காதின் பின்பக்கத் தோலுக்கு அடியில் கொஞ்சம் தளர்ச்சி உண்டு. இழுவை அங்கே தணிந்துவிடும். முன்பக்கத் தோல் நேரே உறையோடு ஒட்டியிருக்கிறது. தோலை இழுத்தால் உறையும் சேர்ந்து இழுபட்டு, கசியிழையத்தை விட்டுக் கழன்றுவிடும். உறையின் நுண்ணிய குழாய்கள் அறுந்து, அந்த இடைவெளியில் இரத்தம் தேங்கும். தொட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி இருக்கும்.

இரத்தம் மெதுவாக ஊறுவதால் வீக்கம் சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் படும். பயிற்சியின் சூட்டில் பிள்ளைக்கு எங்கே இடிபட்டது என்று நினைவே இருக்காது. பின்னேரம் நன்றாக இருந்த காது விடிய வீங்கியிருந்தால், காரணம் தெரியாத இடத்தில் கண்ணூறு வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மம்மாவை நான் குறை சொல்லமாட்டேன், காலக்கணக்கு அப்படி ஏமாற்றுகிறது. ஆனால் ஒத்தடத்தில் எனக்கு உடன்பாடில்லை. சூடு பட்டால் குழாய்கள் விரியும், இரத்தம் இன்னும் ஊறும். முதல் நாளில் துணியில் சுற்றிய ஐஸ்கட்டிதான் சரி.

இனி நான் ரசித்து ரசித்துச் சொல்லும் இடம். இரத்தத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும்? கசிவு நின்ற இடத்தில் கசியிழையத்தின் ஒரு பகுதி பட்டினியில் சாகலாம். அதோடு முடிந்தால் காது சுருங்கித் தொய்ந்து போகவேண்டும். நடப்பதோ தலைகீழ். காது தடித்து, முண்டு முண்டாகி, கல்லுப்போல் இறுகிவிடுகிறது. பூக்கோவாக் காது என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். ரோமில் 1885ஆம் ஆண்டு தோண்டியெடுத்த பழைய கிரேக்க வெண்கலச் சிலை ஒன்றில், களைத்து உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரனின் காதுகள் அச்சொட்டாக இப்படித்தான் இருக்கின்றன.

இந்த வேலையைச் செய்வது அந்த உறைதான். அதன் உட்பக்கப் படையில் உள்ள கலங்கள் தேவை வந்தால் கசியிழையக் கலங்களாக மாறக்கூடியவை. பிள்ளை வளரும்போது காதைப் படை படையாகப் பெருப்பிப்பவை அவைதான். தன் பழைய இடத்திலிருந்து தூக்கப்பட்டு, நடுவில் இரத்தக்கட்டியைக் கண்டதும், அவை திரும்பவும் கட்டத் தொடங்குகின்றன. 1970களில் சுவீடனில் முயல்களின் காதில் இந்த உறையை உரித்துச் செய்த சோதனைகளில், உறை தனியாகவே புதிய கசியிழையம் உண்டாக்குவது தெளிவாகத் தெரிந்தது. கைதேர்ந்த மேசனிடம் சீமெந்து இருக்கிறது, படம் இல்லை. அதனால் சுவர் எழும்பும், வீட்டின் வடிவம் வராது. ஒரு கிழமை, பத்து நாளுக்குள் இரத்தக்கட்டி இறுகத் தொடங்கிவிடும். பிறகு ஊசியால் இழுக்க அங்கே திரவம் இராது, செதுக்கி எடுக்கும் சத்திரசிகிச்சைதான் மிச்சம். இன்றைக்கே போங்கோ என்று நான் அவசரப்படுத்தியது இதற்காகத்தான்.

இதே பிடிவாதத்தை மருத்துவம் நல்ல வேலைக்கும் வாங்கப் பார்க்கிறது. காது சரியாக வளராமல் பிறந்த ஐந்து பிள்ளைகளுக்கு, அவர்களது சொந்தக் கசியிழையக் கலங்களைப் பெருக்கி, அச்சில் வளர்த்த காதைப் பொருத்தியதாகச் சீன வைத்தியர்கள் 2018இல் அறிவித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் செய்வது கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். மரக்கவைக்கும் ஊசி போட்டு, இரத்தத்தை இழுத்தோ சின்னதாகக் கீறியோ வெளியே எடுப்பார்கள். அது பாதி வேலை. இடைவெளியைச் சும்மா விட்டால் திரும்பவும் நிரம்பும். ஆகவே காதின் முன்னும் பின்னும் பஞ்சுருளை வைத்துத் தையல் போட்டோ, இறுக்கிக் கட்டியோ, உறையைக் கசியிழையத்தோடு திரும்ப ஒட்டவைப்பார்கள். ஒரு கிழமை வரை அப்படியே இருக்கவேண்டும், டொக்டர் சொல்லும்வரை பயிற்சி கிடையாது. தெரிந்த அண்ணா ஒருவர் ஊசியால் குத்தி எடுத்துவிடுவார் என்றால் விடாதீர்கள். இரத்தம் போகாத இடத்துக்கு வெண்குருதிக் கலங்களும் சுலபமாகப் போகாது, மாத்திரையில் கொடுக்கும் மருந்தும் தேவையான அளவு போய்ச் சேராது. அங்கே கிருமி புகுந்தால் காதே உருக்குலையும்.

தடுக்க வழி இருக்கிறது. அமெரிக்க உயர்பாடசாலைப் போட்டிகளில் காதுக்கவசம் கட்டாயம். நம் பக்கத்தில் வெற்றிக்கு மாலையும் மேளமும் தயாராக இருக்கும் அளவுக்குக் கவசம் தயாராக இருப்பதை நான் காணவில்லை. மாலைக்குச் செலவழிக்கும் காசை ஒரு முறை இதற்குத் திருப்பினால் என்ன?

காதை விட்டு மல்யுத்தத்தின் மற்ற ஆபத்துகளுக்கு வருவோம். இவற்றில் நிறைதான் எனக்குக் கவலை. மல்யுத்தம் நிறைப் பிரிவுகளில் நடப்பது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவின் இறுதிப்போட்டி வரை வந்து, அன்று காலை 100 கிராம் கூடியதால் நீக்கப்பட்டதைப் பார்த்தோம். அதைப் பார்த்த பிள்ளைகள் போட்டிக்கு முதல்நாள் தண்ணீர் குடிக்காமல், மழைக்கோட்டுப் போட்டு வெயிலில் ஓடுகிறார்கள். இரண்டு நாளில் இறங்கும் இரண்டு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான், பெரும்பகுதி தண்ணீர். வியர்வை ஆவியாகிப் போகும்போதுதான் உடம்பு குளிரும். மழைக்கோட்டுக்குள் அது ஆவியாகாது. தண்ணீரும் போகும், சூடும் ஏறும். அமெரிக்காவில் 1997இன் கடைசியில், ஐந்து கிழமைக்குள், மூன்று கல்லூரி வீரர்கள் இப்படி நிறை குறைக்கப்போய் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் இறுகின. வளரும் பிள்ளை நிறையைக் குறைக்கவே கூடாது, மேல் பிரிவில் இறங்கட்டும். கோச்சிடம் இதைப் பெற்றோர் நேரே சொல்லலாம்.

அதுவும் வன்னியில் பிள்ளை உடம்பை வற்றவைப்பது எனக்கு இன்னும் கவலை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் நீரிழிவோ பிரஷரோ இல்லாமலே சிறுநீரகம் பழுதான ஆட்கள் இருக்கிறார்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட நோய். காரணம் பற்றி இன்னும் ஒருமித்த முடிவு இல்லை, வெயிலில் திரும்பத் திரும்ப உடம்பு வற்றுவதும் சந்தேகப் பட்டியலில் உண்டு. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்ட வருபவர்கள், பத்து வருடம் பொறுமையாகச் செய்யவேண்டிய ஆய்வுக்குக் காசு ஒதுக்க ஏன் வருவதில்லை என்பது என் நெடுநாள் கோபம். சரி, அது வேறு கதை.

பெண் பிள்ளை மல்யுத்தம் பிடித்தால் பிள்ளைப்பேறு கெடும் என்றும் ஊரில் சொல்கிறார்கள். கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள் பத்திரமாக இருக்கிறது, விழுந்து எழும்புவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கடுமையாகப் பயிற்சி செய்துகொண்டு சாப்பாட்டைக் குறைத்தால், மூளை மாதவிடாயை நிறுத்திவைக்கும், எலும்பும் மெலியும். மகளுக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றால் மல்யுத்தத்தைத் திட்டுவதற்கு முதல் சாப்பாட்டைப் பாருங்கள், கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள்.

தோலில் வட்டமாகப் படர்தாமரை வந்தால் மறைக்காமல் சொல்லப் பழக்குங்கள். ஒரு பிள்ளைக்கு வந்தால் மெத்தை வழியாக அணிக்கே வரும். பயிற்சி முடிந்த கையோடு குளிப்பு, ஆளுக்கொரு துவாய். பார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டெரொயிட் கலந்த கிறீம் அரிப்பை அடக்கும், பங்கசை வளர்க்கும். தலை அடிபட்டு மயக்கம், சத்தி, தலையிடி இருந்தால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது, நேரே ஆஸ்பத்திரி.

அந்த அம்மாவையும் மகளையும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே பஸ் தரிப்பில் கண்டேன். தையல் வெட்டியாகிவிட்டது. காது கொஞ்சம் சிவப்பு, வடிவம் அப்படியே. அம்மம்மாவின் பெரிய கவலை இனித் தோடு போடலாமா என்பதுதானாம். சோணையில் கசியிழையமே இல்லை, தோட்டுக்கு ஒரு பிரச்சினையும் வராது, பயிற்சி நேரம் மட்டும் கழற்றவேண்டும் என்றேன். "கொம்பாஸ் பெட்டிக்குள்ள வைக்கிறனான் சேர்" என்று பிள்ளை சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு துணிப்பட்டியை எடுத்துக் காட்டினாள். அம்மம்மா பழைய சேலையை மடித்து, பஞ்சு வைத்துத் தைத்த காதுக்கவசம். தையல் நேராக, நெருக்கமாக இருந்தது. ஆனால் காதோடு ஒட்டிக் கிடந்தது. காதைத் தொடாமல் கிண்ணம் மாதிரி எழும்பி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பட்டியே உரசும் என்றேன். அம்மம்மா இப்போது அதைப் பிரித்துத் திரும்பத் தைக்கிறாவாம்.