பட்டரா, டிரைவரா: எதை முதலில் பழகுவது?

கோல்ஃப் ஆடத் தொடங்குகிறவருக்குச் சீக்கிரமே கிடைக்கிற அறிவுரை, "பட்டிங் பழகு, ஸ்கோர் தானாகக் குறையும்" என்பது. நியாயமாகத்தான் தெரிகிறது, 18 குழிகளிலும் அதிகம் கையில் எடுப்பது, பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டுகிற பட்டர்தானே. ஆனால் அதிகம் அடிக்கிற ஷொட்டும் அதிகம் இழக்கிற ஷொட்டும் ஒன்றல்ல. வேலைக்கு நடுவே வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கவே கஷ்டப்படுகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

இதைக் கணக்காகப் பிரித்துக் காட்டியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. பந்து கிடக்கிற இடத்திலிருந்து குழியில் போட்டு முடிக்கச் சராசரியாக எத்தனை ஷொட் தேவை என்பதுதான் அவருடைய அளவுகோல். அமெரிக்காவின் பிஜிஏ டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரின் ஆட்டக்காரர்களுக்கு, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் 33 அடி தூரத்திலிருந்து அது சுமார் 2, 8 அடியிலிருந்து சுமார் 1.5. அப்படியென்றால் 33 அடியிலிருந்து தட்டிய பந்து 8 அடி தள்ளி நின்றுவிட்டால், முழு ஷொட் ஒன்றைச் செலவழித்து அரை ஷொட் அளவுக்குத்தான் முன்னேறியிருக்கிறோம், மீதி அரை நட்டம். தூரமாக அடிக்கிற டிரைவரில் தொடங்கி, கிரீனுக்குப் பக்கத்திலிருந்து சின்னதாகத் தூக்கிப் போடுகிற சிப் வரை எல்லாவற்றையும் இதே கணக்கில் போடலாம். பட்டிங்குக்கு இந்த அளவை பிஜிஏ டூர் 2011இல் ஏற்றுக்கொண்டது. பிராடி கண்ட முடிவு பலருக்குப் பிடிக்காது: திறமையான ஆட்டக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 100 யார்ட்டுக்கு அப்பாலிருந்து அடிக்கிற ஷொட்களில் வருகிறது.

காரணம் வெறும் கேத்திர கணிதம். பந்து 6 பாகை விலகினால் 50 யார்ட் ஷொட்டில் 5 யார்ட்தான் தள்ளிப்போகும், 200 யார்ட்டில் அதுவே 21 யார்ட். 1889இல் தொடங்கிய நுவரெலியா மைதானம் மாதிரி மரங்கள் நெருக்கமாக நிற்கிற இடத்தில், அந்த 21 யார்ட் பந்தை மரத்துக்குள் கொண்டுபோய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் இன்னும் மோசம்: அடித்த ஷொட்டும் வீண், தண்டமாக ஒன்று கூடும், பழைய இடத்திலிருந்தே திரும்ப அடிக்கவும் வேண்டும். கிட்டத்துப் பட் ஒன்றைத் தவறவிட்டால் பெரும்பாலும் ஒன்றோடு போய்விடும்.

அதற்காக எல்லோரும் டிரைவரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. அடுத்த சில ஆட்டங்களில் ஸ்கோர் கார்டின் ஓரத்தில் நாலு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: தண்டம் வாங்கிய ஷொட், கிரீனுக்குப் பக்கத்தில்கூடப் போகாத தூர ஷொட், கிரீனில் ஏறாத சிப், மூன்று பட் போட்ட குழி. கோடுகள் எங்கே குவிகிறதோ அங்கேதான் உங்கள் ஒரு மணித்தியாலம் போக வேண்டும். தண்டம்தான் அதிகம் என்றால், நான் சொல்வது, டிரைவரைக் கொஞ்ச நாள் பையிலேயே விட்டுவிட்டு, ஐயனோ ஹைபிரிடோ, பந்தை நடுப் புல்வழியான ஃபேர்வேயில் வைக்கக்கூடிய ஒரு கிளப்பை (மட்டையை), முதல் ஷொட் அடிக்கிற இடமான டீயில் பழகுங்கள். 3 அடி தூரப் பட் ஷொட்டையே தவறவிடுகிறவர் மட்டும் முதலில் அதைச் சரிசெய்யட்டும், வீட்டுத் தரையிலேயே பழகலாம்.

இன்னொன்று, எந்த மைதானம் என்பதையும் எழுதிவையுங்கள். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறைவதால் பந்து தூரம் போகும், சுழற்சியால் வளைவதும் கொஞ்சம் குறையும். கொழும்பில் சரியாக விழுகிற ஐயன் ஷொட் இங்கே கிரீனைத் தாண்டி விழுந்தால் அதைப் பிழையான ஷொட் பட்டியலில் சேர்க்காதீர்கள், அடுத்த முறை ஒரு கிளப் குறைத்து, அதாவது கொஞ்சம் குறைந்த தூரம் போகிற கிளப்பை எடுத்துப் பாருங்கள்.