போன் ஆப்பில் ஆஃப் செய்தால் கரண்ட் நின்றுவிட்டது என்று நம்பாதீர்கள்

போன வாரம் கீழக்கரைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து எலக்ட்ரீஷியனான எனக்குக் காலை ஏழேகாலுக்கு போன் வந்தது. சம்ப்பில் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்று பிளம்பர் தம்பி ஒருவரை வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் வாப்பாவும் உம்மாவும் மட்டும்தான், மகன் துபாயில். தம்பி சம்ப் மூடியைத் திறந்துவிட்டு, "பாய், மோட்டாரை ஆஃப் பண்ணிருங்க" என்றிருக்கிறார். பெரியவருக்கு போன் ஆப்பிலிருந்தும் இயக்கும் அந்தப் புது ஸ்மார்ட் சுவிட்சைத் தொடவே பயம். மகனுக்கு போன் போட்டார். அங்கே விடிகாலை ஐந்தரைகூட ஆகவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து போனைத் தட்டிவிட்டு, "பண்ணிட்டேன் வாப்பா" என்றான் மகன். ஏழு மணி ஆனதும் மோட்டார் தானாகக் கிளம்பியது. இரண்டு மாசத்துக்கு முன் அவனே வைத்த டைமர் அது. வைத்ததை அவன் மறந்தே போய்விட்டான்.

தம்பியின் கை அப்போது தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீருக்குள் போகும் வயரில் வெறும் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். தூக்கி அடித்ததில் தோள்பட்டை சம்ப் விளிம்பில் மோதி இறங்கிவிட்டது. உயிர் தப்பியது அதிர்ஷ்டம். நான் போய் போர்டைத் திறந்தால், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்கும் ஆர்சிசிபி வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. "மழை பெஞ்சா அடிக்கடி விழுது" என்று யாரோ அதற்குள் போகாமல் அதைத் தாண்டி நேராக வயர் இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

இந்த வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது கேஸ். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டுக் கருவிகளை ஆப்பிலும் சென்சாரிலும் இயக்கும் ஆட்டோமேஷன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானே மாட்டிக் கொடுக்கிறேன், அதன் பலனைக் கண்ணால் பார்க்கிறேன். நம் கரையோரத்தில் பாதி ஊருக்கு நிலத்தடி நீர் உப்பு. காவிரி கூட்டுக் குடிநீர் தனக்கு வசதிப்பட்ட நேரத்தில்தான் வரும். சத்தம் கேட்குமா என்று ராத்திரி விழித்திருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! சம்ப்பில் ஒரு சென்சார், மேல் தொட்டியில் ஒரு சென்சார் போட்டால் அந்த அம்மா நிம்மதியாகத் தூங்கலாம். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் புகைவதும் நிற்கும். முழங்கால் வலியோடு ராத்திரி பாத்ரூம் போகிறவருக்கு, நடந்தால் தானே எரியும் ஒரு சின்ன விளக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தனியாக இருக்கும் பெற்றோருக்கு வாசலில் நிற்பது யார் என்று கதவைத் திறக்காமலே பார்க்க முடிவது இன்னொரு நன்மை. கரண்ட் பில் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு ஸ்மார்ட் சுவிட்சைவிட ஃபேனை மாற்றுவது மேல். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாருக்கு ஓடும்.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், "ஆப்பில் ஆஃப் பண்ணியாச்சு, இனி தொடலாம்" என்ற நம்பிக்கையில்தான். படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் இது இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள். நீங்கள் போனில் பார்ப்பது ஒரு படம். சுவரில் உள்ள பெட்டிக்குள் ரிலே என்ற சின்ன சுவிட்ச் இருக்கிறது. அது பெரும்பாலும் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். பழைய வீடுகளில் கரண்ட் வரும் ஃபேஸ் வயரும் அது திரும்பும் நியூட்ரல் வயரும் இடம் மாறிக் கிடப்பதை நான் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். அங்கே ரிலே துண்டிப்பது நியூட்ரலை. ஃபேன் நிற்கும், மோட்டார் நிற்கும், ஆனால் ஃபேஸ் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஃபேஸ் சரியாகவே இருக்கட்டும். மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன ரிலேயை நேரடியாக மோட்டாருக்குக் கொடுத்தால் அதன் காண்டாக்ட், அதாவது தொட்டு விலகும் முனை, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எத்தனை தடவை தட்டினாலும் போனில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலேயும் நன்றாகவே இருக்கிறது என்றால், அதே ஆப் வைத்திருக்கும் மருமகன் சென்னையிலிருந்து தட்டலாம். டைமர் தட்டலாம். கரண்ட் போய் வரும்போது அதுவே ஆன் ஆகலாம். வேலை செய்கிறவன் கை உள்ளே இருப்பது இவர்களில் யாருக்கும் தெரியாது.

ஆகவே எதைக் கழற்றுவதானாலும் மெயினை இறக்குங்கள். இறக்கியதோடு விடாமல் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். இன்னொருவர் வந்து ஏற்றிவிடாமல் போர்டு பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். மோட்டாருக்கு, கைக்கு எட்டும் உயரத்தில் இரண்டு வயரையும் துண்டிக்கும் தனி டிபி சுவிட்ச் கண்டிப்பாக வேண்டும். ரிலே, மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். இதைச் செய்யத் தெரியாத ஆளிடம் மோட்டார் வேலையைக் கொடுக்காதீர்கள்.

தொடங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியனிடம் வீட்டுப் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் எர்த். நம்முடையது மணல். கோடையில் காய்ந்து கிடக்கும், கரைக்கு அருகில் என்றால் உப்பு ஊறியிருக்கும். மண்டபம் ஊரில் ஒரு வீட்டில் தோண்டியபோது எர்த் பைப் கையோடு உதிர்ந்து வந்தது. மேலே பச்சை வயர் அழகாகக் கட்டியிருந்தது, கீழே ஒன்றுமே இல்லை. எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, 5 ஓமுக்குள் வராமல் நான் அடுத்த வேலையைத் தொடுவதில்லை. அடுத்தது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அது அடிக்கடி விழுந்தால் வீட்டில் எங்கோ கரண்ட் கசிகிறது, கசிவைத் தேடுங்கள். அதைத் தாண்டி வயர் இழுக்கிறவரை தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாவது, சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வருகிறதா என்பது. பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுக்கு நியூட்ரல் வேண்டும், பழைய வயரிங்கில் அது இருக்காது. இல்லை என்றவுடன் எர்த் வயரை நியூட்ரலாகப் போட்டுக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கொலைக்குச் சமம்.

உப்புக் காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அது அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. உங்கள் பிளக்கின் பித்தளை எம்மாத்திரம்? 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் போட்டால் கணக்குக்குச் சரிதான். பச்சை பூத்த காண்டாக்டில் அது சூடாகி உருகும். கீசருக்கு 16 ஆம்பியரில் நல்லதாகப் போடுங்கள். வெளிச்சுவரில் மாட்டுவதற்கு ரப்பர் வாஷர் உள்ள மூடிய பெட்டி வேண்டும்.

முதல் மாசம் ஒரு நடைபாதை விளக்கும் ஒரு ஃபேனும் போதும். பெற்றோர் பழகட்டும். சுவரில் கையால் போடும் சுவிட்ச் எப்போதும் இருக்க வேண்டும். நெட் போனால் அவர்கள் இருட்டில் உட்காரக் கூடாது. பெரும்பாலான கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். ரூட்டரை இன்வெர்ட்டரில் கொடுங்கள். கரண்ட் வந்தபின் என்ன நிலை என்ற செட்டிங்கில் மோட்டாருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் 'ஆஃப்' வையுங்கள். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். டிஜிட்டல் பூட்டு போட்டால் சாவியையும் பத்திரமாக வையுங்கள்.

கேஸ் சென்சாரைக் கூரை ஓரம் மாட்டியிருந்தால் இன்றே இறக்குங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தால்தான் கத்தும். கத்தினால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். ஆப்பிலிருந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடாதீர்கள், ரிலேயிலும் பொறி உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆப்பைத் திறந்து, மோட்டாருக்கு எத்தனை டைமர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். சென்சார் போட்டிருந்தால் டைமரை அழித்துவிடுங்கள். அங்கிருந்து மோட்டாரைப் போடும் முன் வீட்டுக்கு போன் போட்டு, சம்ப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை என்றால் போடாதீர்கள்.