கண்ணாடியின் மேல் பிறக்கும் தரை

காரைக்குடிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களில் சிலருக்கு இரண்டு ஆசை. தரைக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்க்கும் பூப்போட்ட சிமெண்டுத் தரையோடு, வேண்டும். கூடத்தில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடியாக வேண்டும். பழசும் புதுசும் ஒட்டுமா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தக் கல்லே கண்ணாடியின் மேல்தான் பிறக்கிறது என்பதை அவர்களிடம் சொல்லலாம்.

பட்டறையில் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து, அதன் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அறை அறையாக நிறம் கலந்த சிமெண்டுக் கூழை ஊற்றி அச்சைத் தூக்கினால், நிறங்கள் அதது இடத்தில் நிற்கும். அதன் மேல் சிமெண்டும் மணலும் உலர்வாகத் தூவுவது ஈரத்தை உறிஞ்ச. பிறகு கலவையைப் போட்டுக் கரண்டியால் மட்டம் செய்வார்கள். நாம் பார்ப்பது கல்லின் முதுகை; முகம் கண்ணாடியில் கவிழ்ந்து கிடக்கிறது. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறியே கல் உறுதியாகிறது. கண்ணாடி கழலும்போதே பளபளப்பு வந்துவிடும்.

பளபளப்பு என்பது மேடுபள்ளக் கணக்கு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான், தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. மேடுபள்ளம் அதைவிடச் சிறிதாக இருந்தால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். கண்ணாடி அவ்வளவு வழவழப்பு. ஈரச் சிமெண்டு அந்த வழவழப்பைப் படியெடுத்துக்கொள்கிறது.

சரி, கண்ணாடிக்கு அந்தச் சமதளம் யார் கொடுத்தது? உருகிய வெள்ளீயம். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த முறை இது. சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் உருகிய கண்ணாடியை வெள்ளீயக் குளத்தின் மேல் பாலாடை மாதிரி மிதக்க விடுகிறார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். கொதிக்கவோ 2,500-க்கும் மேல் வேண்டும். அதனால் கண்ணாடி 600 டிகிரிக்கு ஆறிக் கெட்டியான பிறகும் அடியில் குளம் திரவமாகவே இருக்கும். அதற்கு முந்தைய காலத்தில் ஊதி, வெட்டி, விரித்த கண்ணாடிகளும் உண்டு. பழைய வீட்டு ஜன்னல் வழியே பார்த்தால் எதிரே உள்ள தென்னை நெளிவது அதனால்தான். கண்ணாடி வயதாகி வழிந்துவிட்டது என்பதெல்லாம் கதை.

ஆனால் அந்தக் கண்ணாடிச் சுவரை மேற்கே வைக்காதீர்கள். வெயில் உள்ளே வந்து தரையைச் சுடவைக்கும். சூடான தரை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் 10 மைக்ரான் அளவு. சாதாரணக் கண்ணாடி அதை நேரே வெளியே விடாது. பழைய வீடுகளின் நடுவே வானம் பார்த்த வளவுக்கு, அதாவது முற்றத்துக்கு, இந்த வம்பே இல்லை. மேற்கேதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள், சித்திரை மாதம் மாலை நாலரை மணிக்கு அந்த ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நின்று பார்க்கட்டும்.