கை நிறையக் கார்டு, ஆனாலும் தோல்வி

மேஜிக் த கேதரிங், போக்கிமான் மாதிரிக் கார்டு ஆட்டங்களில் போட்டிக்குத் தயாராகிறவர்களின் டெக்கை, அதாவது அவர்கள் தேர்ந்து கட்டிய கார்டு அடுக்கை, பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. டெக் லிஸ்ட்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே ஒன்று கேட்டுவிடுவேன்: கடைசியாகத் தோற்ற ஆட்டத்தில் உங்கள் கையில் எத்தனை கார்டு மிச்சம் இருந்தது? ஐந்து, ஆறு என்று பதில் வந்தால் டெக்கில் டிரா கார்டு (புதுக் கார்டுகளைக் கைக்குக் கொண்டுவருவது) அளவுக்கு மீறி இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கை காலி, எதிராளியிடம் மிஞ்சிய ஒரே க்ரீச்சர் (மேசையில் நின்று அடிக்கும் உயிரினக் கார்டு) அடித்தே முடித்துவிட்டது என்றால் கதை நேர்மாறு. ரிமூவலை, அதாவது எதிராளியின் க்ரீச்சரை அகற்றும் கார்டுகளை, எல்லாம் ஆரம்பத்திலேயே செலவழித்துவிட்டு, புதிதாகக் கார்டு சேர்க்க வழியில்லாமல் நின்றிருக்கிறார்.

என்னிடம் அதிகம் வருவது முதல் ரகம்தான். கார்டு அட்வான்டேஜ் (எதிராளியைவிட அதிகக் கார்டு சேர்ப்பது) என்ற சொல்லை எல்லாரும் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். டிரா கார்டு ஒன்றைப் போட்டால் இரண்டு கைக்கு வருகிறது, லாபம். ரிமூவல் ஒன்றுக்கு ஒன்று, லாபமும் இல்லை நட்டமும் இல்லை. அப்படியானால் டிராதானே மேல்? கணக்கில் தப்பில்லை, ஆனால் மனாவும் (கார்டு போடச் செலவாகும் சக்தி) டர்னும் (ஒருவர் ஆடும் முறை) அதில் சேரவே இல்லை.

மேஜிக் த கேதரிங்கில் டிவினேஷன் என்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மனா, இரண்டு கார்டு. அதைப் போட்டு முடித்த பிறகு மேசையில் எதுவும் மாறியிருக்காது. எதிராளியின் க்ரீச்சர் அப்படியே நிற்கும், அடுத்த டர்னில் அடிக்கும். லைட்னிங் போல்ட் ஒரே மனாவில் மூன்று டேமேஜ் தரும். எதிராளி மூன்று மனா செலவழித்து இறக்கிய 3/3 க்ரீச்சரை (முதல் எண் அது அடிக்கும் அளவு, அடுத்தது தாங்கும் அளவு) அதால் எடுத்தால் கார்டு கணக்கு சமம், ஆனால் இரண்டு மனா உங்கள் பக்கம் லாபம். டிரா கார்டுக்கு நாம் கொடுக்கும் விலை நேரம். அந்த விலையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1993இல் வந்த ஆன்செஸ்ட்ரல் ரீகால் ஒரு மனாவில் மூன்று கார்டு தந்தது. இன்று விண்டேஜ் என்ற போட்டி வகையில் ஒரே ஒரு பிரதிதான் வைக்கலாம், லெகஸி என்ற வகையில் தடை. யூ-கி-ஓ என்ற இன்னொரு கார்டு ஆட்டத்தில் செலவே இல்லாமல் இரண்டு கார்டு தந்த பாட் ஆஃப் கிரீடும் தடைப் பட்டியலில்தான் இருக்கிறது.

சரி, ஒரு டர்னைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அறுபது கார்டு டெக், அதில் 24 லேண்ட் (மனா தரும் கார்டு). நீங்கள் இரண்டாவதாக ஆடுகிறீர்கள், இது மூன்றாவது டர்ன், இதுவரை பத்துக் கார்டு பார்த்தாயிற்று. மூன்று லேண்டும் மேசையில். கையில் டிவினேஷன், மூன்று மனாவில் க்ரீச்சரை அழிக்கும் மர்டர், நான்கு மனாவுக்கு ஒன்றும் ஐந்து மனாவுக்கு ஒன்றுமாக இரண்டு க்ரீச்சர். நான்காவது லேண்ட் கையில் இல்லை. எதிரில் எந்தத் திறனும் இல்லாத ஒரு 2/2. உங்கள் உயிர் 18.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மர்டரைத்தான் கையில் எடுப்பார்கள். பக்கத்தில் எதிரி நிற்பதைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும். எண்களைப் பாருங்கள். மீதி ஐம்பது கார்டில் 21 லேண்ட். சும்மா விட்டால் அடுத்த டர்னில் லேண்ட் வர 42 சதவீத வாய்ப்பு. டிவினேஷன் போட்டால் மொத்தம் மூன்று கார்டு பார்ப்பீர்கள். வாய்ப்பு 81 சதவீதம். அந்த 2/2 ஒரு டர்னுக்கு எடுப்பது இரண்டு உயிர், அதைத் தாங்கலாம். மர்டர் எங்கேயும் போய்விடாது, இதைவிடப் பெரிய க்ரீச்சர் வரும்போது அதன் மதிப்பு கூடும். டிவினேஷன்தான் சரி, சந்தேகமே இல்லை.

இப்போது அந்த 2/2 இருந்த இடத்தில் யங் பைரோமான்சரை வையுங்கள். அதுவும் சின்ன க்ரீச்சர்தான், 2/1. ஆனால் அதன் சொந்தக்காரர் இன்ஸ்டன்ட் (எதிராளியின் டர்னிலும் போடக்கூடியது) அல்லது சோர்சரி (தன் டர்னில் மட்டும் போடுவது) போடும் ஒவ்வொரு முறையும் ஒரு 1/1 டோக்கன் (கார்டு செலவில்லாமல் வரும் க்ரீச்சர்) பிறக்கும். ஒரு டர்ன் தள்ளிப்போட்டு, அதற்குள் அவர் அப்படி இரண்டு போட்டுவிட்டால் மர்டர் கொல்வது ஒன்றை, மேசையில் நிற்பது மூன்று. இங்கே லேண்ட் வராவிட்டாலும் பரவாயில்லை, கொன்றுவிட வேண்டும். இரண்டு நிலைமையிலும் உங்கள் கை ஒன்றுதான். எதிரில் நிற்பது காத்திருந்தால் வளருமா வளராதா என்பதுதான் முடிவை மாற்றியது. க்ரீச்சரின் பவரைப் பார்த்து ரிமூவல் போடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

இந்த இக்கட்டையே பாதி குறைக்க ஒரு வழி உண்டு: இன்ஸ்டன்ட் டிரா. இன்ஸ்பிரேஷன் நான்கு மனாவுக்கு இரண்டே கார்டுதான் தரும், கணக்குப்படி டிவினேஷனைவிட மோசம். ஆனால் நான்கு லேண்டைத் திறந்து வைத்தபடி டர்னை முடிக்கலாம். எதிராளி பெரிதாக ஏதாவது இறக்கினால் மர்டர். ஒன்றும் இல்லையென்றால் அவர் டர்ன் முடிவில் இன்ஸ்பிரேஷன். முடிவெடுக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிடுகிறோம். கூடுதலாகக் கொடுக்கும் அந்த ஒரு மனா இதற்குத்தான்.

போக்கிமான் ஆடுகிறவர்களுக்கு இந்தத் தேர்வை விதியே ஏற்படுத்தித் தருகிறது. ஒரு டர்னுக்கு சப்போர்ட்டர் வகைக் கார்டு ஒன்றுதான். புரொஃபசர்ஸ் ரிசர்ச் போட்டால் ஏழு கார்டு. பாஸஸ் ஆர்டர்ஸ் போட்டால் எதிராளியின் பெஞ்சில் (பின்வரிசையில்) ஒளிந்திருக்கும் போக்கிமானை முன்னால் இழுத்து அடிக்கலாம். இரண்டும் கையில் இருக்கும்போது ரிசர்ச் போட்டால் இன்னொரு சிக்கல்: முதலில் கை முழுவதும் குப்பைக்குப் போகும், பாஸஸ் ஆர்டர்ஸும் சேர்த்து. அதனால் முதலில் பிரைஸ் கார்டை (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வெற்றி) எண்ணச் சொல்வேன். உங்களுக்கு இரண்டு பிரைஸ் மிச்சம், எதிர் பெஞ்சில் அடிபட்ட ஒரு ‘இஎக்ஸ்’ போக்கிமான் (வீழ்த்தினால் இரண்டு பிரைஸ்), உங்கள் தாக்குதல் அதை வீழ்த்தும் என்றால் ஆட்டம் இந்த டர்னிலேயே முடிந்தது. அப்போது ரிசர்ச் எதற்கு?

டெக் கட்டும்போது நான் முதலில் மலிவான ரிமூவலை எண்ணுவேன். அறுபதில் நான்கு இருந்தால், பத்துக் கார்டு பார்ப்பதற்குள் ஒன்றாவது கைக்கு வர 53 சதவீத வாய்ப்பு. எட்டு இருந்தால் 79. ஆரம்ப டர்ன்களைத் தாக்குப்பிடிக்க இந்த எட்டு வேண்டும். அப்புறம்தான் டிராவுக்கு இடம். நாற்பது கார்டு டிராஃப்ட் டெக்கில் (போட்டி இடத்திலேயே பாக்கெட் பிரித்து, கைமாறும் கார்டுகளில் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுவது) இன்னும் சுலபம்: நல்ல ரிமூவல் கிடைத்ததையெல்லாம் எடுங்கள், டிரா ஒன்றோ இரண்டோ போதும்.

ரிமூவலை மட்டும் நம்பிக் கட்டுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ரேவனஸ் சூப்பகாப்ரா மாதிரிக் க்ரீச்சர்கள் இறங்கும்போதே உங்கள் க்ரீச்சர் ஒன்றைக் கொன்றுவிடும். அதன்பின் அதை நீங்கள் கொன்றாலும் அவர் ஒரு கார்டுக்கு உங்களிடமிருந்து இரண்டு வாங்கிவிட்டார். இப்படிப்பட்ட க்ரீச்சர்கள் பெருகிவிட்ட ஃபார்மட்டில் (போட்டி வகையில்) ஒன்றுக்கு ஒன்று என்ற பழைய கணக்கு செல்லாது, விட்டதைப் பிடிக்க டிரா வேண்டும். டூம் பிளேடு கறுப்பு க்ரீச்சரைத் தொடாது, ஹெக்ஸ்ப்ரூஃப் என்ற திறன் உள்ளதை எதிராளியின் எந்த ரிமூவலும் குறிவைக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

க்ரீச்சரே இல்லாத கன்ட்ரோல் டெக்குக்கு (எதிராளி செய்வதைத் தடுத்தே ஜெயிக்கப் பார்ப்பது) எதிரே கையில் மூன்று மர்டரோடு உட்கார்ந்திருப்பது தனிக் கொடுமை. முதல் ஆட்டத்தில் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் அந்த ரிமூவல்களைத் தயங்காமல் வெளியே எடுத்துவிட்டு, சைட்போர்டின் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளத் தனியே வைத்திருப்பது) பதினைந்து கார்டிலிருந்து டிராவைக் கொண்டுவாருங்கள். அங்கே டிவினேஷனை மூன்றாவது டர்னிலேயே நிம்மதியாகப் போடலாம். உங்களை அடிக்க எதிரில் யாரும் நிற்கப் போவதில்லை.