உறைந்துபோன சாளரத்துக்குள் என்ன நடக்கிறது?

கணினியில் ஒரு பட்டனைச் சொடுக்குகிறோம். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை சொடுக்குகிறோம். சாளரம் முழுதும் வெளுத்து, தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று ஒட்டிக்கொள்கிறது. நிரல் செத்துவிட்டது என்று பலர் அங்கேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சாவதில்லை. எதையோ மும்முரமாகச் செய்துகொண்டிருக்கிறது, அல்லது எதற்கோ காத்துக் கிடக்கிறது. நம் பக்கம் திரும்பத்தான் அதற்கு நேரமில்லை.

திரையில் தெரியும் பட்டன், பெட்டி, பட்டியல் எல்லாம் தனித்தனியாக விழித்திருந்து நம்மைக் கவனிப்பதுபோல் தோன்றும். நிஜத்தில் அங்கே ஓடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு சுழல். மவுஸ் நகர்ந்தால் ஒரு செய்தி, விசையை அழுத்தினால் ஒரு செய்தி, ‘இந்தப் பகுதியைத் திரும்ப வரை’ என்றால் அதுவும் ஒரு செய்தி. எல்லாம் வரிசையில் போய் நிற்கும். நிரலின் முதன்மைத் திரெட் (கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிக்கொண்டு போகும் இழை) வரிசையிலிருந்து ஒன்றை எடுக்கும், உரிய பட்டனிடம் கொடுக்கும், அது வேலையை முடித்துத் திரும்பியதும் அடுத்ததை எடுக்கும். சிங்கப்பூரின் தேக்காவில் சில அங்காடிக் கடைகளில் ஒரே ஆள் ஆர்டரும் எடுத்து, தோசையும் சுட்டு, காசும் வாங்கிப் போடுவார் அல்லவா, அதே ஏற்பாடு. அவர் கல்லில் கவனமாக இருக்கும்போது எதிரே நிற்பவர் எத்தனை முறை கூப்பிட்டாலும் பயனில்லை.

இந்த வரிசையில் ஒரு பாரபட்சமும் உண்டு. விண்டோஸில் ‘வரை’ என்ற செய்திக்குக் கிட்டத்தட்டக் கடைசி இடம்தான். சொடுக்கு, விசை போன்ற வேறு செய்திகள் இருக்கும்வரை அது வெளியே வராது. பல இடங்களை வரையச் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பிவிடும். நல்ல சிக்கனம்தான். ஆனால் புதிதாக நிரல் எழுதுகிறவர்களை இது நன்றாகக் குழப்பும். ‘சேமிக்கிறது, பொறுக்கவும்’ என்று திரையில் எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பத்து விநாடி பிடிக்கும் வேலையைத் தொடங்குவார்கள். வாசகம் திரையில் வரவே வராது. வரையும் செய்தி வரிசையில் நிற்கிறது. அதை எடுக்க வேண்டிய திரெட்டோ சேமித்துக்கொண்டிருக்கிறது. சேமித்து முடிந்ததும் ‘முடிந்தது’ என்ற வாசகம் மட்டும் தெரியும்.

சரி, வெளுத்துப்போவது எங்கிருந்து வருகிறது? ஒரு சாளரம் 5 விநாடிக்குத் தன் வரிசையை எட்டிப் பார்க்காவிட்டால், விண்டோஸ் அதை உறைந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பிறகு அதே இடத்தில், அதே அளவில், அதே தலைப்போடு ஒரு போலிச் சாளரத்தை மேலே வைத்துவிடும். இதற்குப் பேய்ச் சாளரம் என்றே பெயர். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இருக்கிறது. நாம் இழுத்து நகர்த்துவதும், சுருக்குவதும், மூடப் பார்ப்பதும் இந்தப் பேயைத்தான். உள்ளே அசல் நிரல் இதையெல்லாம் அறியாமல் தன் வேலையில் இருக்கும்.

முன்பு நிலைமை இன்னும் மோசம். விண்டோஸ் 3.1 நாட்களில் நிரல்கள் தாமாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த நிரலுக்கு வாய்ப்பு. ஒன்று முரண்டு பிடித்தால் கணினியே நின்றுவிடும். விண்டோஸ் 95-இல் புதிய 32-பிட் நிரல்களுக்குத் தனித்தனி வரிசை கிடைத்த பிறகுதான் ஒன்றின் உறைவு அதனோடு போயிற்று.

ஏன் ஒரே திரெட்? பட்டனுக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று என்று கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜாவா என்ற நிரல்மொழியைக் கவனித்துவந்த கிரஹாம் ஹாமில்டன் 2004-இல் இதைத் தோற்றுப்போன கனவு என்றே எழுதினார். அவர் சொன்ன காரணம் அழகானது. சொடுக்கு போன்ற நிகழ்வுகள் இயங்குதளத்தில் தொடங்கி, மேலே நிரலை நோக்கி ஏறிவருகின்றன. ‘இந்த நிறத்தை மாற்று’ போன்ற கட்டளைகள் நிரலில் தொடங்கி, கீழே இயங்குதளத்தை நோக்கி இறங்குகின்றன. இரண்டும் வழியில் பூட்டுகளை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே உள்ளே போக விடும் தடைகளை, பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஒன்று மேல் பூட்டைப் பிடித்துக்கொண்டு கீழ்ப் பூட்டுக்குக் காத்திருக்கும். மற்றது கீழ்ப் பூட்டைப் பிடித்துக்கொண்டு மேலதற்குக் காத்திருக்கும். இரண்டும் நகராது. அதனால்தான் ஸ்விங், கியூடி, விண்டோஸ் ஃபார்ம்ஸ், மேக்கின் ஆப்கிட் என்று சாளரங்களை அமைக்க உதவும் கருவித்தொகுப்புகள் எல்லாமே திரையைத் தொடும் உரிமையைப் பெரும்பாலும் ஒரே திரெட்டுக்குக் கொடுத்துவிட்டன.

இனி ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையை நினைத்துக்கொள்வோம். கடை சிராங்கூன் சாலையில். கிடங்கும் சர்வரும் ஜூரோங்கில். கவுன்ட்டரில் இருக்கும் அக்கா ‘வெங்காயம்’ என்று தேடல் பெட்டியில் தட்டத் தொடங்குகிறார். ஒவ்வொரு எழுத்துக்கும் நிரல் ஜூரோங்குக்கு ஒரு கேள்வி அனுப்பி, பதில் வரும்வரை அங்கேயே நிற்கிறது. நிரல் எழுதியவரின் கணினியில் தரவுத்தளமும் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் பறந்தது. கடையில் ஒவ்வொரு எழுத்துக்கும் முக்கால் விநாடி. பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-இல் தொகுத்துத் தந்த அளவுகள் இன்றும் செல்லும்: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும்; 1 விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது; 10 விநாடிக்கு மேல் போனால் கவனம் வேறு எங்கோ போய்விடும். முக்கால் விநாடி என்பது ஒரு தேடலுக்குப் பரவாயில்லை. ஒரு எழுத்துக்கு என்றால் கொடுமை.

அதைவிட ஆபத்து ‘பில் போடு’ பட்டனில் இருக்கிறது. அக்கா ஒரு முறை சொடுக்குகிறார், அசைவில்லை, மறுபடி சொடுக்குகிறார். இரண்டாவது சொடுக்கு காணாமல் போவதில்லை. வரிசையில் நின்று, முதல் பில் முடிந்ததும் தன் முறைக்கு வந்து இரண்டாவது பில்லைப் போடுகிறது. ‘தம்பி, ஒரே ஆளுக்கு ரெண்டு பில் வந்திருக்கு’ என்று தொலைபேசி வரும்.

இதற்கு எல்லாரும் முதலில் செய்கிற வைத்தியம், சொடுக்கியதும் பட்டனை முடக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திறப்பது. ஆச்சரியம், பலிக்காது. முடக்கம், வேலை, திறப்பு மூன்றும் ஒரே செய்தியைக் கையாளும்போது நடந்து முடிகின்றன. அந்த இரண்டாவது சொடுக்கு எந்தச் சாளரத்துக்குப் போக வேண்டும் என்பது அதை வரிசையிலிருந்து எடுக்கும்போதுதான் தீர்மானமாகிறது. அந்த நேரத்தில் பட்டன் திறந்து கிடக்கிறது.

அடுத்த வைத்தியம் இன்னும் கெடுதல். நீண்ட வேலையின் நடுவே ‘வரிசையில் இருப்பதைக் கொஞ்சம் கவனித்துவிட்டு வா’ என்று சொல்லும் ஒரு கட்டளை, விஷுவல் பேசிக் காலத்திலிருந்து டூஈவென்ட்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. சாளரம் உயிர் பெற்றுவிடும், உண்மை. ஆனால் பாதி பில்லில் இருக்கும்போதே அடுத்த பில் உள்ளே நுழையும். சில சமயம் சாளரத்தையே மூடிவிடுவார்கள், வேலை மட்டும், மூடப்பட்டுவிட்ட அந்தச் சாளரத்துக்குள் தொடரும். என்னைக் கேட்டால், பழைய நிரல் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டிய சொல் இதுதான்.

சரியான வழி, நீண்ட வேலையை வேறு திரெட்டுக்கு அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் அதையும் ஒரு செய்தியாக முதன்மைத் திரெட்டின் வரிசையில் போடுவது. 2012-இல் சி ஷார்ப் என்ற நிரல்மொழியின் 5-ஆம் பதிப்புடன் வந்த அசிங்க், அவெய்ட் என்ற சொற்கள் இதை எழுத எளிதாக்கின. முடக்கிய பட்டனும் இப்போது உண்மையாகவே முடங்கியிருக்கும், ஏனென்றால் சுழல் நிற்கவில்லை. இரண்டாவது சொடுக்கு அப்போதே எடுக்கப்பட்டு வீணாகிப்போகும். ஆனால் புதிய தொல்லை ஒன்று முளைக்கும். ‘வெ’ என்ற கேள்விக்கான பதில் பெரியது. ‘வெங்கா’ என்பதற்கான பதில் சிறியது. சிறியது முதலில் வந்துவிட, பெரியது பின்னால் வந்து அதை அழித்துவிட்டு உட்காரும். பெட்டியில் வெங்காயம், பட்டியலில் வெல்லமும் வெந்தயமும். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் கொடுத்து, கடைசி எண்ணுக்கான பதிலை மட்டும் ஏற்றுக்கொள்வதே போதும்.

இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிப்பதில்தான் வேடிக்கை. டீபக்கர் என்ற பிழைதேடும் கருவியை வைத்து நிரலை ஓர் இடத்தில் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். இடைமுகத்தில் அந்த நிறுத்தமே பிழையை மாற்றிவிடும். ஒரு பெட்டி கவனம் (தட்டும் விசைகள் தன்னிடம் வரும் நிலை) இழக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க அங்கே பிரேக்பாயிண்ட் என்ற நிறுத்தக் குறி வைத்தால், டீபக்கர் முன்னால் குதித்துக் கவனத்தைத் தானே பறித்துக்கொள்ளும். விண்டோஸ் விஸ்டாவுக்கு முன்பு, வரையும் நிரல்வரிகளில் நிறுத்துவது முடிவில்லாத கூத்து: டீபக்கர் சாளரத்தை மறைக்கும், விலகியதும் மறைந்த பகுதியை மறுபடி வரைய வேண்டும், மறுபடி நிற்கும். சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் வந்து ஒவ்வொரு சாளரத்தின் படத்தையும் தனியாகச் சேமித்து வைக்கத் தொடங்கிய பிறகு இது குறைந்தது. டீபக்கரின் கீழ் ஓடும்போது பேய்ச் சாளரமும் வராது. தவறான திரெட் திரையைத் தொட்டால் விண்டோஸ் ஃபார்ம்ஸ் எறியும் எச்சரிக்கையோ இதற்கு நேர்மாறு: இயல்பாக டீபக்கர் இருக்கும்போதுதான் அந்தச் சோதனை நடக்கும், கடையில் நடக்காது.

ஆகவே உறைவைப் பிடிக்க நிறுத்திப் பார்ப்பதைவிட, உறைந்த நிலையிலேயே படம் எடுப்பது மேல். கடையில் சாளரம் வெளுத்திருக்கும்போதே அக்காவிடம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நிரலின் மேல் வலது சொடுக்கி, நினைவகப் பிரதியை (அந்த நொடியில் நிரல் நினைவகத்தில் வைத்திருப்பதன் நகலை) எடுத்து அனுப்பச் சொல்லலாம். சில விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று பிரதிகள் கிடைத்தால் நல்லது. பிறகு நிதானமாக முதன்மைத் திரெட் எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாப் பிரதிகளிலும் அசையாமல் ஒரே காத்திருப்பு என்றால் வலையமைப்போ பூட்டோ. ஒரே வேலைக்குள் வெவ்வேறு வரிகள் என்றால் அந்த வேலைதான் பெரிது.

இதில் தமிழுக்கென்றே ஒரு விருந்தாளி அடிக்கடி வருவார். பட்டியலின் பத்தி அகலத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி, எல்லா வரிசைகளிலும் உள்ள சொற்களையும் அளந்து பார்க்கும். தமிழில் சொல்லை அளப்பது எளிய கூட்டல் இல்லை. ‘கொ’ என்பது நினைவகத்தில் ககரமும் அதன்பின் ஓர் உயிர்க்குறியும். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ககரத்துக்கு முன்னால் போய் நிற்கும். இந்த மாற்றியமைத்தல் முடிந்த பிறகே அகலம் தெரியும். முப்பதாயிரம் பொருள்களின் தமிழ்ப் பெயர்களை இப்படி அளக்கச் சொன்னால் சாளரம் உறையாமல் என்ன செய்யும்? திரையில் தெரிவது முப்பது வரிசைதான். அவற்றை மட்டும் அளந்து வரையும் பட்டியல்கள் பெரும்பாலான கருவித்தொகுப்புகளில் உண்டு.

இன்னொன்று, நிரலைக் கடைக்குக் கொடுக்கும் முன்பே செய்யக்கூடியது. தரவுத்தளத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் சோதனைக்காக 2 விநாடித் தாமதத்தை வேண்டுமென்றே நுழைத்துவிட்டு, பொறுமையில்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொடுக்கச் சொல்ல வேண்டும். இரட்டை பில்லும், பின்னால் வந்து உட்காரும் வெல்லமும் அலுவலகத்திலேயே அகப்பட்டுவிடும்.