பெற்றோரை மேயும் குஞ்சுகள்

பங்குனியில் குளங்கள் வற்றத் தொடங்கினால் பாளையங்கோட்டைத் தெருக்களில் ஜிலேபிக் கெண்டை மலிந்துவிடும். நம் ஊர் மீன் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. 1952இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பெயரில் கெண்டை இருந்தாலும் கெண்டைக்கும் அதற்கும் உறவில்லை, அது சிக்லிட் குடும்பம். வந்த மீன் இத்தனை குளங்களையும் எப்படிப் பிடித்தது என்று கேட்டால், தாய்மீனின் வாயைத்தான் காட்ட வேண்டும். முட்டையிட்ட கையோடு பெண்மீன் அவற்றை வாயில் அள்ளிக்கொள்கிறது. குஞ்சுகள் பொரிந்து தாமாக நீந்தும்வரை, இரண்டு மூன்று வாரங்கள், இரையெடுக்காமலே கிடக்கிறது. முட்டையை நீரில் சிதறவிட்டுப் போய்விடும் மீன்கள் இதனோடு போட்டியிட்டு ஜெயிப்பது கடினம்.

வீட்டுத் தொட்டியில் குஞ்சு எடுத்துப் பார்க்க விரும்புகிறவருக்கு நான் ஜிலேபியைச் சொல்லமாட்டேன். கொஞ்ச நாளில் வீடே போதாது. இதே குடும்பத்தில் இந்தியாவில் இயற்கையாகவே வாழும் இனங்கள் மூன்று உண்டு. அவற்றில் பெரியது, கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவது. சிறியது செல்லக்காசு. கடைகளில் ஆரஞ்சு குரோமைட் என்று கேட்டால் தருவார்கள். நீளம் எட்டு சென்டிமீட்டர்தான். காயலிலும் கழிமுகத்திலும் வாழ்ந்து பழகியது, ஆகவே கொஞ்சம் உப்புக் கலந்த நீரையும் நம் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரையும் பொறுத்துக்கொள்ளும்.

இதில் ஆண் பெண் வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படாது. ‘ஜோடி’ என்று சொல்லி இரண்டை விற்றால் வாங்காதீர்கள். இளம்மீன்களாக ஆறு வாங்கி, மூன்றடித் தொட்டியில் விட்டுவிட்டுக் காத்திருங்கள். இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்ட ஆரம்பித்தால் கல்யாணம் முடிந்தது என்று பொருள். மற்ற நான்கையும் உடனே வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அடிவாங்கியே சாகும்.

முட்டையிட ஒரு கெட்டியான பரப்பு வேண்டும். நான் உடைந்த காருக்குறிச்சி மண்சட்டித் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்தேன். இரண்டும் அதை வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு, இருநூறு முட்டைகள் வரை ஒட்டின. ஒவ்வொன்றும் ஒரு சிறு காம்பில் தொங்கும். அப்புறம் ஆணும் பெண்ணும் முறைவைத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். முட்டையும் சுவாசிக்கிறது, நீர் அசையாவிட்டால் அதைச் சுற்றியுள்ள மெல்லிய படலத்தில் பிராணவாயு தீர்ந்துபோகும். விசிறல் அந்தப் பழைய நீரைத் தள்ளிப் புதியதைக் கொண்டுவருகிறது. கருவுறாத முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும் என்பதால் பெற்றோர் வெளுத்ததைத் தின்றுவிடும். ‘ஐயோ, தன் முட்டையைத் தானே தின்கிறது’ என்று பதறுகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இந்தக் களையெடுப்பைத்தான். முதல் தடவை ஈனும் ஜோடி பயத்தில் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதும் உண்டு. அடுத்த தடவை தேறிவிடும்.

என் அவசரம்தான் கெடுத்தது. முதல் ஈட்டில் சட்டித் துண்டை முட்டையோடு தூக்கித் தனித் தொட்டியில் வைத்து, பூஞ்சையைத் தடுக்கும் நீல மருந்தான மெத்திலீன் ப்ளூ ஊற்றினேன். பொரிந்தன. நீந்தவும் ஆரம்பித்தன. பத்து நாளில் பாதிக்கு மேல் காணோம். இரண்டாம் ஈட்டைப் பெற்றோரிடமே விட்டேன். ஐந்தாவது நாள் பொரிந்த குஞ்சுகளை அவை வாயால் கவ்வி, மணலில் தோண்டிய குழிக்கு மாற்றின. ஒரு வாரம் கழித்துக் குஞ்சுகள் மேகம்போல எழுந்து நீந்தியபோதுதான் விஷயம் தெரிந்தது: அவை பெற்றோரின் விலாவில் மோதி மோதிப் போய்க்கொண்டிருந்தன.

மோதல் அல்ல அது, மேய்ச்சல். மீனின் தோலைப் போர்த்தியிருக்கும் கோழையைக் குஞ்சுகள் கடித்துத் தின்கின்றன. வார்டு, பார்லோ என்ற இரு ஆய்வாளர்கள் செல்லக்காசின் இந்தப் பழக்கத்தைப் பற்றி 1967இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பாலூட்டாத உயிரினத்தில் ஏறக்குறைய பால் கொடுப்பது போன்ற ஏற்பாடு! கூப்பிடுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஆபத்து வந்தால் பெற்றோர் தம் கரிய வயிற்றுத் துடுப்புகளைச் சட்சட்டென்று விரித்து மூடும், குஞ்சுகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். தாயில்லாமலும் குஞ்சுகளை ஆளாக்கலாம்; அந்த வேலை முழுவதும் நம் தலையில் விழும், அவ்வளவுதான்.

கோழை மட்டும் போதாது. வாயளவுக்கு உயிருள்ள இரை வேண்டும், அதற்கு ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களின் அடர்ந்த உவர்நீரில் வாழ்கிற, இறாலைப் போன்ற சிறு உயிர் இது. உலர்ந்த முட்டையை டப்பாவில் வாங்கலாம். ஒரு லிட்டர் நீரில் இருபத்தைந்து கிராம் கல்லுப்பு, அடியிலிருந்து விடாமல் காற்று, நம் ஊர்ச் சூடு இருந்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மிதக்கும். பொரிந்தவை வெளிச்சத்தை நாடும் என்பதால் ஒரு பக்கம் டார்ச் வைத்து அங்கிருந்து குழாயால் உறிஞ்சிக்கொள்ளலாம். நல்ல நீரில் அலசிப் பொரிந்த சூட்டோடு கொடுத்துவிட வேண்டும். நேரமாக ஆக அதன் உடம்பில் இருக்கும் மஞ்சள்கரு கரைந்து சத்துக் குறையும்.

இரை கூடினால் கழிவும் கூடும். மீன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய இரை அழுகினாலும் அதுவே. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பெருக ஒரு மாதம் பிடிக்கும், எனவே மீன் ஈனுவதற்கு முன்பே ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காரத்தன்மையுள்ள நீர்க்காரர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். 25 டிகிரிச் சூட்டில், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 என்றால் கரைந்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 ஆனால் ஐந்து பங்கைத் தாண்டும். சித்திரை வெயிலில் இந்த நச்சுப் பங்கும் ஏறும், நீரில் பிராணவாயுவும் குறையும். மின்சாரம் போகிற நேரத்துக்கு பாட்டரியில் ஓடும் காற்றுப்பம்பு ஒன்று வைத்திருக்கிறேன். தினமும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறேன். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்திருந்து, குளோரின் போன பிறகே ஊற்றுகிறேன்.

ஒரு மாதம் தாண்டியது. நேற்று காலை பார்த்தால், இத்தனை நாள் துடுப்படித்துக் கூப்பிட்ட அதே தாய், குஞ்சுகளை மண்சட்டிப் பக்கம் வரவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தது. சட்டித் துண்டை ஆண் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்திருந்தது.