ராத்திரி ரெண்டு மணிக்கு மூளைக்குள்ள ஓடுற சீரியல்

ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர்கிட்டேருந்து ஒரு மெசேஜ், "நாளைக்கு காலைல கொஞ்சம் பேசணும்". அவ்ளோதான். ரெண்டு மணிக்குள்ள எனக்கு வேலை போயி, வீட்டு லோன் இஎம்ஐ மூணு மாசம் பவுன்ஸ் ஆகி, ஊர்ல சித்தப்பா "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு தலையாட்டுற சீன் வரைக்கும் ஓடிருச்சு. காலைல அவர் கேட்டது என்னன்னா, லீவை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமாங்குறது.

இது நம்ம புத்திக்கோளாறுன்னு நினைச்சு திட்டிக்கிறோம். ஆனா மூளைய செஞ்சிருக்கிறதே அப்படித்தான். நம்ம உடம்பு எடைல மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவழிக்கிற சக்தில 20 சதவீதம் அதுக்கே போகுது, சும்மா மல்லாக்க படுத்து விட்டத்த பாத்துட்டு இருக்கும்போதும் இந்த செலவு பெருசா குறையறதில்ல. அமெரிக்காவுல மார்கஸ் ரைக்கிள்ங்கிற நரம்பியல் விஞ்ஞானியும் அவரோட டீமும் 2001-ல இதப் பத்தி எழுதுனாங்க. ஒரு வேலைய குடுத்தா அடங்கிப்போற சில மூளைப் பகுதிகள், வேலை இல்லாதப்போ சுறுசுறுப்பா ஆயிடுது. அந்த கூட்டத்துக்கு டீஃபால்ட் மோட் நெட்வொர்க்னு பேரு. பழசை கிளறுறது, நாளைக்கு நடக்கப்போறத ஒத்திகை பாக்குறது, அடுத்தவங்க நம்மள பத்தி என்ன நினைப்பாங்கன்னு கணக்கு போடுறது, எல்லாத்துலயும் இதுக்கு பங்கு இருக்கு. திட்டம் போடவும் இதுதான் வேணும், அதனால இது வில்லன் இல்ல. ஆனா ராத்திரில வேற வேலை இல்லாதப்போ இதோட ராஜ்ஜியம்தான்.

2010-ல ஹார்வர்ட்ல ரெண்டு பேர் 2,250 பேரோட போனுக்கு திடீர் திடீர்னு கேள்வி அனுப்பி, இப்ப என்ன பண்றீங்க, மனசு எங்க இருக்குன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனசு செய்ற வேலைல இல்ல! அப்படி அலையும்போது சந்தோஷமும் கம்மியாத்தான் இருந்துச்சு.

இதுல உடம்பு வேற கூட்டு சேந்துக்குது. வேலை போறது கற்பனைதான், ஆனாலும் நெஞ்சு படபடன்னு அடிக்கும், வயிறு பிசையும். உடனே மனசு "பாத்தியா, இவ்ளோ படபடப்பா இருக்கே, அப்ப ஏதோ இருக்கு"ன்னு அதையே சாட்சியா எடுத்துக்கும். எண்ணம் உடம்ப கிளப்பும், உடம்பு எண்ணத்த கிளப்பும், செக்குமாடு மாதிரி விடிய விடிய சுத்தல்.

சரி, யோசிக்காம இருந்துடலாமேன்னு வீட்ல ஈஸியா சொல்லுவாங்க. டேனியல் வெக்னர்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1987-ல இத சோதிச்சே பாத்தாரு. 5 நிமிஷத்துக்கு வெள்ளைக் கரடிய நினைக்காதீங்க, மீறி வந்துட்டா மணி அடிங்கன்னாரு. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நினைப்பு வந்துச்சா வந்துச்சான்னு செக் பண்ணணும்னா கரடிய மனசுல வச்சுக்கிட்டாத்தானே முடியும், அதான் சிக்கல்.

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இப்ப நடக்குறத நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லாம கவனிக்கிற பயிற்சி, இந்த இடத்துலதான் வேற ரூட்ல போகுது, எண்ணத்த நிறுத்த சொல்றதில்ல. இதுக்கு வேர் பௌத்த தியானம். 1979-ல ஜான் கபாட்-ஸின் மாசசூசெட்ஸ்ல ஒரு மருத்துவ மையத்துல இத மதம் கலக்காம ஒரு பயிற்சியா ஆரம்பிச்சாரு. (இப்ப அதையே மெழுகுவத்தி, ஜிப்பா, மாச சந்தான்னு விக்கிறாங்க, அத விடுங்க.)

நான் செய்றது இதான். படுத்தபடியே மூக்கு நுனிய கவனிப்பேன், உள்ள போற காத்து லேசா சில்லுன்னு இருக்கும், வெளிய வர்றது வெதுவெதுன்னு இருக்கும். மூணாவது மூச்சுல மனசு இஎம்ஐக்கு போயிடும். ரொம்ப நாளா நான் இத தோல்வின்னு நினைச்சுட்டு இருந்தேன், தப்பு. "அட, போயிட்டேனே"ன்னு கண்டுபிடிக்கிற அந்த ஒரு செகண்ட்தான் பயிற்சியே. அப்புறம் வயக்காட்டுக்குள்ள பூந்த கன்னுக்குட்டிய அடிக்காம ஓட்டிட்டு வந்து கட்டுற மாதிரி மூச்சுக்கு திரும்பணும். நூறு தடவ போனா நூறு தடவ.

இன்னொன்னு, பேர் வைக்கிறது. "வேலை போயிடும்"னு சொல்றதுக்கும் "வேலை போயிடும்னு ஒரு பயம் வந்திருக்கு"ன்னு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, முதல்ல நீங்க படத்துக்குள்ள, ரெண்டாவதுல சீட்ல உக்காந்து பாக்குறீங்க. 2007-ல மேத்யூ லீபர்மன் டீம் ஸ்கேன் எடுத்தப்போ, கோவமான முகம் பயந்த முகத்தயெல்லாம் காட்டி அந்த உணர்ச்சிக்கு பேர் சொல்ல வச்சாங்க, பயத்துக்கு மணி அடிக்கிற அமிக்டலாங்கிற மூளைப் பகுதி கொஞ்சம் அடங்குச்சு. 2011-ல ஜட்சன் ப்ரூவர் டீம் வருஷக்கணக்கா தியானம் பண்றவங்கள ஸ்கேன் பண்ணப்போ, நான் மேல சொன்ன டீஃபால்ட் நெட்வொர்க்கோட முக்கியமான பகுதிகள் அடக்கமா இருந்துச்சு. எட்டே நாள்ல நமக்கும் அப்படி ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சிலருக்கு கண்ண மூடி மூச்ச கவனிச்சா பதட்டம் கூடும். அவங்க கண்ண தொறந்தே பாதம் தரைல படுறதயோ ஃபேன் சத்தத்தயோ கவனிக்கலாம். வாரக்கணக்கா தூக்கம் இல்ல, வாழவே புடிக்கலன்னா இதையே நம்பிட்டு இருக்காம டாக்டர பாத்துடுங்க.

போன வாரம் திரும்பவும் அதே மாதிரி மெசேஜ், "ஃப்ரீயா இருந்தா கால் பண்ணுங்க". சீரியல் ஆரம்பிச்சிருச்சு. வேலை போச்சு, முதல் இஎம்ஐயும் பவுன்ஸ் ஆச்சு. ஆனா இந்த தடவ சித்தப்பா வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேன்.